ஏர்கோன் குளிரலையா? கேஸ் போடும் முன் இதைப் பாருங்கள்

கிளை வேனில் ஏர்கோன் குளிரவில்லை என்று யாராவது சொன்னால் போதும், உடனே ஒரு பதில் வரும்: "கேஸ் முடிஞ்சிருச்சி, போய் டாப் அப் பண்ணுங்க." பட்டறையில் வேலை செய்கிறவன் என்பதால் இதைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது நன்றாகக் குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு கிளையில் ஒரே ஆண்டில் மூன்று முறை கேஸ் போட்டார்கள். அத்தனையும் சமய வகுப்புப் பிள்ளைகளை ஏற்றிப்போக உறுப்பினர்கள் சேர்த்துக் கொடுத்த பணம். கடைசியில் பார்த்தால் கண்டன்சர் மூட்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. விலை சில ரிங்கிட்தான்.

ஏர்கோன் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்ப்ரசர் கேஸை அழுத்தும், அது சூடாகும். காடிக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரில் காற்றுப் பட்டுச் சூடு தணிந்து திரவமாகும். பிறகு ஒரு குறுகிய வால்வைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று இறங்கி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் கோயிலில் கொதித்து ஆவியாகும். அப்படி ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். புளோவர் அந்தக் குளிரை நம்மிடம் தள்ளிவிடும்.

ஆகவே முதல் கேள்வி இது: காத்தே வரலையா, இல்ல காத்து வருது, ஆனா குளிரலையா?

காற்று குறைவாக வந்தால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல காடிகளில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கோயில் வேன்களில் நான் கழற்றிய சில ஃபில்டர்களில் தூசியோடு விபூதியும் பூவிதழும் அடைந்து கிடந்தன! நெடுந்தூரப் பயணத்தில் முதலில் நன்றாகக் குளிர்ந்து, ஒரு மணி நேரம் கழித்துக் காற்று மெலிந்து, கொஞ்ச நேரம் அணைத்து வைத்தால் திரும்ப வருகிறது என்றால், கோயிலில் ஐஸ் கட்டுகிறது. ஃபில்டர் அடைப்பு, சென்சர் கோளாறு, கேஸ் குறைவு மூன்றுமே இதற்குக் காரணமாகலாம்.

காற்று பலமாக வந்தும் குளிரவில்லை என்றால் இன்ஜினை ஓடவிட்டு பானட்டைத் திறங்கள். கழுத்தில் உருத்திராட்ச மாலையோ துண்டோ இருந்தால் முதலில் கழற்றி வையுங்கள். பெல்ட்டும் ஃபேனும் பக்கத்திலேயே சுழலும். ஏர்கோனைப் போடும்போது "டக்" என்று ஒரு சத்தம் வந்து, கம்ப்ரசர் முகப்பில் உள்ள தட்டு சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் கம்ப்ரசர் போச்சு என்று அவசரப்பட வேண்டாம். பியூஸ் போயிருக்கலாம், ரீலே போயிருக்கலாம். கேஸ் ரொம்பக் குறைந்தால் கம்ப்ரசரைக் காப்பாற்ற அழுத்த சுவிட்சே அதை நிறுத்திவிடும். சில புதிய காடிகளில் கிளட்ச்சே கிடையாது. அவற்றில் இந்தச் சோதனை செல்லாது.

ஓட்டுகிறவர் சொல்லும் ஒரு வார்த்தை எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். "ஜாம்ல நின்னா சூடு, ஹைவேல ஓடினா குளிருது அண்ணே" என்றால் முதலில் கண்டன்சர் ஃபேனைத்தான் பார்ப்பேன். வேன் ஓடும்போது எதிர்காற்று செய்கிற வேலையை, நிற்கும்போது ஃபேன் செய்ய வேண்டும். ஃபேன் நன்றாகச் சுழன்றால், கண்டன்சரில் சேறும் பூச்சியும் அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

கசிவுக்கும் கண்ணே போதும், பல நேரங்களில். கேஸோடு எண்ணெயும் சேர்ந்தேதான் சுற்றும். கசிகிற இடத்தில் கேஸ் பறந்துவிடும், எண்ணெய் தங்கிவிடும். அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகப் பிசுபிசுக்கும். மூட்டுகளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

இதற்கு மேல் போர்மேன் வேலை. நீங்களாகக் குழாயைக் கழற்றாதீர்கள். திரவக் கேஸ் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். இன்று பெரும்பாலான பழைய வேன்களில் ஓடும் ஆர்-134ஏ கேஸ் ஓசோனைக் கெடுக்காது; ஆனால் வெளியே விட்டால் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

போர்மேன் கேஜ் மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நம் வெயிலில் இன்ஜின் ஓடும்போது நீலக் கேஜ் சுமார் 30 முதல் 45 பிஎஸ்ஐ, சிவப்பு சுமார் 200 முதல் 250 காட்டலாம். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் கண்டன்சரில் சூடு இறங்கவில்லை, அல்லது கேஸ் அதிகம். கூடிப்போனாலும் குளிராது, இது பலருக்குத் தெரியாது. நீலம் ஏறிச் சிவப்பு தாழ்ந்தால்தான் கம்ப்ரசர்மேல் சந்தேகப்பட வேண்டும்.

"டாப் அப் போதும் தம்பி" என்று சொன்னால், "எங்க லீக் ஆகுது அண்ணே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கசிவை அடைத்து, வாக்கூம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிய பிறகு, பானட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்கு எடைபோட்டு நிரப்பச் சொல்லுங்கள். எத்தனை கிராம், எந்தத் தேதி என்று வேன் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்து வருகிற பொறுப்பாளருக்கு உதவும்.