அயல்நாட்டு உயர்கல்வி: விண்ணப்பத்திற்கு முன் மூன்று கணக்குகள்



பட்டப்படிப்பை முடித்த நம் பிள்ளைகள் முதுநிலைக் கல்விக்காக அயல்நாடு செல்ல விழைவது இன்று சிற்றூர்களிலும் இயல்பாகிவிட்டது. விழைவு நன்றே. ஆயினும் அதற்குரிய பொருட்கணக்கை, இடம் கிடைத்த பின்னரே பலரும் போடுகின்றனர். அதனால் விளையும் இன்னலை எங்கள் உறவினர் இல்லத்தில் நேரிற் கண்டேன்.

அவ்வீட்டுப் பிள்ளைக்கு ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. "கல்விக் கட்டணமே இல்லையாம், பெரியம்மா!" என்று அவன் தந்தையார் மகிழ்ந்து கூறினார். இரு வாரம் கழித்து மீண்டும் வந்தார், முகம் வாடியிருந்தது. "விசாவுக்கு முன்னாலேயே ஏறக்குறையப் பன்னிரண்டு இலட்சம் கட்டிக் காட்ட வேண்டுமாம்" என்றார். வங்கிக் கடனுக்கு நாள் போதவில்லை. மகளின் திருமணத்திற்கென வைத்திருந்த நகை அடகுக்குச் சென்றது. எஞ்சிய தொகை வெளியில் வட்டிக்கு வாங்கப்பட்டது. பிள்ளை சென்று படிக்கிறான். அந்த வட்டியோ இன்றும் தீரவில்லை.

ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு நான் கூறி வந்தது ஒன்றுண்டு: வினாவை முழுதும் படித்த பின்னரே விடை எழுதத் தொடங்க வேண்டும். அயல்நாட்டுக் கல்விக்கும் அது பொருந்தும். ஜெர்மனியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு மூன்று கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக ஒரு யூரோ 100 ரூபாய் எனக் கொள்வோம். நீங்கள் போடும்போது அன்றைய மதிப்பை இட்டுக்கொள்க.

முதற் கணக்கு: மொத்தச் செலவு

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆனால் விலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியேயிருந்து வரும் மாணவரிடம் பருவத்திற்கு 1,500 யூரோ பெறுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024ஆம் ஆண்டுக் குளிர்காலப் பருவம் முதல் அத்தகைய மாணவரிடம் முதுநிலைப் படிப்புகளுக்குப் பருவத்திற்கு 4,000 அல்லது 6,000 யூரோ கேட்கிறது. ஆகவே "ஜெர்மனியில் இலவசம்" என்னும் பொதுச் சொல்லை நம்பாது, சேரவிருக்கும் பல்கலைக்கழகத்தின் விதியைப் படித்தல் வேண்டும்.

கட்டணம் இல்லாவிடினும் வாழ்க்கைச் செலவு உண்டு. அதற்குச் சான்றாக, 'பிளாக்டு அக்கவுண்ட்' எனப்படும் முடக்கக் கணக்கில் ஓராண்டுத் தொகையை முன்கூட்டியே செலுத்துவதே பெரும்பாலோர் பின்பற்றும் வழி. மாணவர் அங்குச் சென்ற பின் அத்தொகை மாதந்தோறும் பகுத்து அளிக்கப்படும். 2023இல் இது 11,208 யூரோவாக இருந்தது. 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக, அதாவது மாதத்திற்கு 992 யூரோவாக உயர்த்தப்பட்டது. மேலும் உயரக்கூடும் என்பதையும் மனத்திற் கொள்க.

இத்தொகை ஓராண்டிற்கு மட்டுமே. முதுநிலைப் படிப்போ பொதுவாக நான்கு பருவங்கள், 24 மாதங்கள். 992ஐ 24ஆல் பெருக்கினால் 23,808 யூரோ. நம் கணக்கில் ஏறக்குறைய 23.8 இலட்சம் ரூபாய். ஆய்வேடு நீண்டு ஐந்தாம் பருவமும் தேவைப்பட்டால் 29.7 இலட்சத்தைத் தாண்டும். மருத்துவக் காப்பீட்டிற்கு மட்டும் மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும். அது 992க்குள் அடங்கவேண்டும். மியூனிக் போன்ற பெருநகரில் வாடகை மிகுதி. கிழக்குப் பகுதியின் கெம்னிட்ஸ், இல்மெனாவ் போன்ற ஊர்களில் குறைவு. நம் மரக்கறி உணவைத் தாமே சமைக்கக் கற்றுச் செல்லும் பிள்ளைக்குச் செலவு பெரிதும் குறையும். விமானச் சீட்டு, விசாக் கட்டணம், கல்விச் சான்றாய்வுக்கான ஏ.பி.எஸ். சான்றிதழ், குளிராடை ஆகியவற்றையும் தனியே சேர்க்க.

இரண்டாம் கணக்கு: கைவரும் பொருள்

ஜெர்மனியின் டாட் நிறுவனம் 1925இல் தோற்றுவிக்கப்பட்டது. அதன் உதவித்தொகைகள் சிலவற்றிற்கு இரண்டாண்டுப் பணியனுபவம் வேண்டும். விண்ணப்ப நாளும் ஏறத்தாழ ஓராண்டு முன்னரே முடிந்துவிடும். ஆகவே உடனே செல்வதைக் காட்டிலும், ஈராண்டு பணியாற்றிச் சேமித்துச் செல்வது சிலருக்கு நலம் தரும். 'டாய்ச்லாண்ட்ஷ்டிபெண்டியம்' என்னும் உதவித்தொகை மாதம் 300 யூரோ; நன்கு படிக்கும் அயல்நாட்டு மாணவரும் பெறலாம்.

பகுதிநேர வேலையை 2024 மார்ச்சு முதல் ஆண்டிற்கு 140 முழு நாள்களோ 280 அரை நாள்களோ செய்ய இசைவு உண்டு. எனினும் முதல் ஆறு மாதத்திற்கு அவ்வருவாயைச் சுழியம் என்றே எழுதுக. மொழி அறியாதார்க்கு வேலை விரைவிற் கிட்டாது. வகுப்பு ஆங்கிலத்தில் நடப்பினும், வேலைக்கும் வாழ்வுக்கும் ஜெர்மன் மொழி தேவை. அதனை இங்கேயே கற்கத் தொடங்குவது சேமிப்பிற்கு ஒப்பாகும்.

மூன்றாம் கணக்கு: கடன்

நம் குடும்பங்களிற் பலவற்றிற்கு நிலமே சொத்து. ஆனால் விளைநிலத்தைக் கல்விக் கடனுக்கு ஈடாகப் பெரும்பாலான வங்கிகள் ஏற்பதில்லை. வீடு அல்லது மனையையே கேட்கின்றன. இதை முன்னரே அறியாதவர் இறுதி நாளில் தனியாரிடம் செல்ல நேரிடுகிறது.

15 இலட்சம் கடன், வட்டி நூற்றுக்குப் பத்து எனக் கொள்வோம். படிப்புக் காலம் ஈராண்டும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டாதிருக்கலாம். ஆனால் வட்டி நில்லாது. முழுத் தொகையும் தொடக்கத்திலேயே பெற்றிருந்தால், தனிவட்டியே மூன்றாண்டில் 4.5 இலட்சமாகிக் கடன் 19.5 இலட்சமாகும். அதைப் பத்தாண்டில் தீர்க்க மாதம் ஏறக்குறைய 25,800 ரூபாய் கட்டவேண்டும். படிக்கும்போதே பெற்றோர் மாத வட்டி 12,500ஐக் கட்டி வந்தால், பின்னர்த் தவணை ஏறக்குறைய 19,800 ரூபாய் மட்டுமே.

இங்குதான் முதன்மையான வினா எழுகிறது. பட்டம் பெற்றோர் ஜெர்மனியில் வேலை தேட 18 மாதங்கள் தங்கலாம். அதற்குள் வேலை கிட்டாது பிள்ளை ஊர் திரும்பினால், இங்கே கிடைக்கும் சம்பளத்திலிருந்து அத்தவணையைக் கட்ட இயலுமா? இயலும் என்றால் அக்கடன் தாங்கத்தக்கது. இயலாது என்றால் தொகையைக் குறைக்க வேண்டும். அல்லது பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். அயல்நாட்டுச் சம்பளத்தை நம்பி வாங்கும் கடன், வராத மழையை நம்பி விதைப்பதை ஒக்கும்.

வீட்டுப் பயிற்சி

வகுப்புத் தொடங்குவதற்குப் பதினெட்டு மாதங்களுக்கு முன்னர்ப் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாய் அமர்ந்து, ஒரே ஏட்டில் இவற்றை எழுதுக:

1. படிப்பு முடியும் மாதம் வரை ஆகும் மொத்தச் செலவு எவ்வளவு?
2. இன்று கையில் உள்ள பணம் எவ்வளவு? அதில் தொடக்கூடாத பணம் எது?
3. கடனுக்கு ஈடாக எதைத் தர இயலும்? வங்கி அதை ஏற்குமா?
4. ஊர் திரும்பினால் மாதத் தவணையை யார், எதிலிருந்து கட்டுவார்?

பிள்ளைகளிடம் வீட்டின் வரவு செலவை மறைத்தல் வேண்டா. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தன் படிப்புக்கு வீடு எதை ஈடாக வைக்கிறது என்பதை அறிந்தே செல்லட்டும். நான்கு வினாக்களுக்கும் விடை எழுதிய குடும்பம் அச்சமின்றி விண்ணப்பத்தை அனுப்பலாம்.