புலப்படமும் மேட்டுப்பள்ளப் படமும்

ஏரிப் பாசனமுள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். மதகிலிருந்து கடைமடைக்குப் புதிய வாய்க்கால் வெட்ட ஊராட்சி மன்றம் தீர்மானிக்கிறது. கிராம வரைபடத்தை விரித்து, மதகையும் கடைமடையையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, அவ்வழியே வாய்க்கால் வெட்டப்படுகிறது. வேலை முடிந்து மதகைத் திறந்தபோது நீர் பாதி வழியில் தேங்கி நிற்கிறது. கடைமடை நாற்று வாடுகிறது. செலவழித்த பொதுப்பணமோ மண்ணோடு போயிற்று. இதில் பிழை மண் வெட்டியவருடையதன்று, வரைபடத்தை வரைந்தவருடையதுமன்று. அப்படம் எதைக் கூறும், எதைக் கூறாது என்பதை அறியாமல் அதனை நம்பியதே பிழையாகும்.

நிலத்தின் எல்லையையும் பரப்பையும் காட்டுவது ஒரு வகைப் படம். நிலத்தின் ஏற்றத்தாழ்வைக் காட்டுவது மற்றொரு வகை. நம் ஊர்களில் உள்ள புலப்படமும் கிராம வரைபடமும் முதல் வகையைச் சேர்ந்தவை. நீர் செல்லும் வழியை அறிவதற்கோ இரண்டாம் வகை வேண்டும். இவ்விரண்டும் அளவையிலிருந்து எவ்வாறு உருவாகின்றன என்பதைக் காண்போம்.

எல்லைப் படம்

நில அளவைக்கு அடிப்படை முக்கோணமே. மூன்று பக்கங்களின் நீளம் தெரிந்தால் முக்கோணத்தின் வடிவம் மாறாது, நாற்கோணம் அப்படியன்று. 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன், சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளந்து, அதன்மேல் முக்கோணங்களை அடுக்கிச் சென்றதும் இந்த அடிப்படையில்தான். நாட்டை அளந்த அம்முறையே நம் வயலுக்கும் பொருந்தும்.

அ, ஆ, இ, ஈ என நான்கு மூலைக்கற்கள் உள்ள ஒரு புலத்தைக் கருதுக. முதலில் எதிரெதிர் மூலைகளான அ-வையும் இ-யையும் இணைக்கும் நேர்கோட்டை அளக்க வேண்டும். அது 120 மீட்டர் என்க. அ-விலிருந்து இக்கோட்டின் வழியே 30 மீட்டர் சென்றதும், ஆ என்னும் கல் இடப்புறம் செங்குத்தாக 40 மீட்டரில் உள்ளது. 80 மீட்டர் சென்றதும், ஈ என்னும் கல் வலப்புறம் செங்குத்தாக 30 மீட்டரில் உள்ளது. இவ்வளவுகளே போதும். 1 சென்டிமீட்டருக்கு 10 மீட்டர் என்ற விகிதத்தில், தாளில் 12 சென்டிமீட்டர் கோடு வரைந்து, இருபுறமும் செங்குத்துகளைக் குறித்து, மூலைகளை இணைத்தால் புலத்தின் படம் கிடைத்துவிடும்.

படம் சரிதானா என்று சோதிக்கவும் வழியுண்டு. தாளில் அ-ஆ பக்கம் 5 சென்டிமீட்டர் வரும். நிலத்தில் அப்பக்கத்தை நேராக அளந்தால் 50 மீட்டர் இருத்தல் வேண்டும். இல்லையெனில் அளவில் எங்கோ தவறு நேர்ந்துள்ளது. பரப்பு காண்பது எளிது: 120-ஐ, இரு செங்குத்துகளின் கூட்டுத்தொகையான 70-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 4,200 சதுர மீட்டர். இது 42 ஏர். ஏறத்தாழ 1 ஏக்கர் 4 சென்ட்.

இவ்வளவும் கற்கள் தம் இடத்தில் இருக்கும்வரைதான் பயன்படும். கல் பெயர்ந்தால் படத்துக்கும் நிலத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். ஆகவேதான் 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டம், அளவைக் கற்களைப் பேணும் கடமையை நிலவுடைமையாளரிடம் ஒப்படைத்துள்ளது.

மேட்டுப்பள்ளப் படம்

இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்றப் படங்களில் உயரங்கள் காட்டப்பட்டுள்ளனவே, அவை போதாவா எனலாம். 1:50,000 விகிதப் படத்தில் 1 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 500 மீட்டர். அதில் சம உயரக் கோடுகள் பெரும்பாலும் 20 மீட்டர் இடைவெளியில் வரையப்படுகின்றன. மலையையும் ஆற்றையும் அறிய அது உதவும். வாய்க்காலைத் தடுக்கும் ஒரு சாண் மேட்டை அதில் காண இயலாது. ஆதலின் சிற்றூரின் வேலைக்கு நாமே மட்டம் எடுத்தல் வேண்டும்.

அசையாத ஓரிடத்தை, எடுத்துக்காட்டாக மதகின் கற்படியை, மட்டக்குறியாகக் கொள்க. அதன் உயரத்தை 50.00 மீட்டர் என வைத்துக்கொள்ளலாம். மட்டக்கருவியை இடையில் நிறுத்தி, படியின்மேல் வைத்த மட்டக்கோலைப் பார்த்தால் 1.50 தெரிகிறது. எனவே கருவியின் பார்வைக்கோடு 51.50. இனி எவ்விடத்தில் கோலை வைத்தாலும், கோலில் தெரியும் அளவை 51.50-இலிருந்து கழித்தால் அவ்விடத்தின் உயரம் கிடைக்கும்.

மதகின் அடித்தளத்தில் 2.10 தெரிந்தால் அதன் உயரம் 49.40. வழியின் நடுவே 1.80 தெரிந்தால் 49.70. கடைமடையில் 2.60 தெரிந்தால் 48.90. கோலில் எண் பெருகினால் நிலம் தாழ்ந்துள்ளது என்பதை மறத்தலாகாது.

நம் கதையின் விடை இங்கே வெளிப்படுகிறது. கடைமடை மதகினும் 50 சென்டிமீட்டர் தாழ்ந்தே உள்ளது. ஆயினும் நடுவழி மதகினும் 30 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. அம்மேட்டை ஆழமாக வெட்ட வேண்டும். அல்லது சுற்றிச் செல்ல வேண்டும்.

சுற்றுவழியைக் காட்டுவது சம உயரக் கோடு. நிலத்தில் 10 மீட்டருக்கு ஒரு முளையாகச் சதுரங்களாக அடித்து, ஒவ்வொரு முளையடியிலும் உயரம் காண்க. அவற்றைப் புலப்படத்தின் படியெடுத்த தாளில் குறிக்க. அடுத்தடுத்த இரு முளைகள் 49.20, 49.70 என்றிருப்பின், 49.40 என்னும் உயரம் தாழ்ந்த முளையிலிருந்து 4 மீட்டரில் அமையும். இவ்வாறு கண்ட 49.40 புள்ளிகளையெல்லாம் இணைத்தால் ஒரு கோடு. 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இத்தகைய கோடுகளை வரைந்தால் மேட்டுப்பள்ளப் படம் ஆயத்தமாகிவிடும். கோடுகள் நெருங்கிய இடம் சரிவு மிக்கது; விலகிய இடம் சமமானது. மேட்டைச் சுற்றிச் சிறிது சிறிதாகத் தாழ்ந்து செல்லும் வழியே வாய்க்காலுக்கு ஏற்றது. அவ்வழி எவருடைய பட்டா நிலத்தில் செல்கிறது, எங்கே புறம்போக்கில் செல்கிறது என்பதையும் அதே தாளிலுள்ள புலப்படம் காட்டிவிடும்.

மட்டக்கருவி இல்லாத இடத்தில், கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயைக் கொண்டும் சிறு தொலைவுக்கு மட்டம் காணலாம். குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அவற்றை அளவு குறித்த இரு கோல்களில் கட்டினால் உயர வேறுபாடு தெரியும். இன்று ஆளில்லா வானூர்தியும் செயற்கைக்கோள் துணைக்கருவிகளும் விரைவாகப் படம் தருகின்றன. எனினும் புல்லும் பயிரும் மூடிய நிலத்தில் வானூர்தி காண்பது பயிரின் தலையையே. தரையில் சில இடங்களையேனும் மட்டக்கோலால் சரிபார்த்த பின்னரே அப்படத்தை ஏற்க வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு சொல். வாய்க்கால், சாலை, சிறுபாலம், வடிகால் ஆகிய எவ்வேலைக்கும் மதிப்பீடு மன்றத்தின் முன் வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது எந்தப் புல எண்களின் வழியே செல்கிறது? தொடக்கம், நடு, முடிவு ஆகிய இடங்களின் உயரம் என்ன? அவ்வுயரங்கள் எந்த மட்டக்குறியிலிருந்து எடுக்கப்பட்டன? விடை தாளில் இருந்தால் ஒப்புதல் அளியுங்கள். இல்லையெனில் மட்டம் எடுத்து வருமாறு பொறியாளரை வேண்டுங்கள். ஒரு நாள் அளவை தாமதமன்று. அது கடைமடைக்கு நீர் போய்ச் சேர்வதற்கான முதல் வேலையாகும்.