அப்பத்தாவுக்கு ஒரு யானை

கேள்வி: நாலாம் வகுப்புப் படிக்கும் மகன், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அப்பத்தாவுக்கும் தாத்தாவுக்கும் தன் கையால் ஏதாவது செய்து கொடுக்கணும் என்கிறான். அதிகம் செலவில்லாமல் என்ன செய்யலாம்?
– வாசகி, பழங்காநத்தம், மதுரை

பதில்: கொலு பொம்மைக்கும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைக்கும் பேர்போன விளாச்சேரி உங்களுக்குப் பக்கம்தானே! ஒரு நாள் மகனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பிசைந்த களிமண் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.

அதில் சின்ன யானை ஒன்று செய்தால் போதும். கால்களைக் குட்டையாக, தடியாக வைக்கட்டும். ஒல்லிக் கால் ஒடிந்துவிடும். தும்பிக்கையைச் சும்மா ஒட்டினால் காய்ந்ததும் கழன்று விழும். ஒட்டுகிற இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியால் கீறி, மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தடவி அழுத்தணும். வெயிலில் வைத்தால் விரிசல் விடும். நிழலில் நாலைந்து நாள் காயட்டும். பிறகு போஸ்டர் கலர். சுடாத மண் என்பதால் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், தாத்தாவிடம் சொல்லிவையுங்கள். யானை பன்றி மாதிரி வந்தாலும் நீங்கள் திருத்தப் போகாதீர்கள்.

அப்பத்தாவுக்கு மல்லிகைச் சரமும் கட்டலாம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர் மல்லி பொங்கல் சமயத்தில் தங்க விலை விற்கும். கொஞ்சம் உதிரிப்பூ போதும். வாழைநாரை நனைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என வைத்துச் சுருக்குப் போடணும். இறுக்கினால் காம்பு அறுந்துவிடும். கிளம்புகிற அன்று காலையில் கட்டினால் சரியாக இருக்கும்.