கோழி வம்சங்களும் அவற்றின் பெயர்களும்

வெள்ளை லெகார்ன் என்பது ஓர் இனத்தின் பெயர். அவ்வினத்திற்குள்ளேயே, வெளிப்பறவை எதனையும் சேர்க்காது, குறித்த ஒரு குணத்திற்காகப் பல தலைமுறைகள் தெரிந்தெடுத்து வளர்க்கப்பெற்ற கூட்டமே வம்சம் எனப்படும். ஓரினத்தின் இரு வம்சங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். வேற்றுமையைப் பதிவேட்டில்தான் காணவியலும்.

பதிவேடு பொறிக்கூட்டில் தொடங்குகிறது. பெட்டை உள்ளே நுழைந்ததும் கதவு தானே மூடிக்கொள்வதால், எம்முட்டை எதனுடையது என்பது ஐயமின்றி விளங்கும். முட்டையின்மீது தாயின் எண் எழுதப்படும். பொரித்த அன்றே குஞ்சின் இறக்கையில் எண் பொறித்த தகடு அணிவிக்கப்படும். சேவல் முட்டையிடுவதில்லையாதலால், அதன் தகுதியை அதன் சகோதரிகளின் கணக்கைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். கொண்டையழகைக் கண்டு சேவலைத் தெரிந்தெடுத்தல் கண்காட்சிக்குப் பொருந்தலாம், முட்டைக்குப் பொருந்தாது.

வெளிப்பறவை புகாத கூட்டத்தில் நெருங்கிய உறவுச் சேர்க்கை நாளடைவில் மிகும். அதன் வேகத்தைக் கணக்கிடலாம். சேவல்களின் எண்ணிக்கையை எட்டால் பெருக்கி, வந்த தொகையால் ஒன்றை வகுக்க. பெட்டைகளுக்கும் அவ்வாறே செய்து, இரண்டையும் கூட்டுக. 50 சேவல்களும் 300 பெட்டைகளும் இருப்பின் தலைமுறைக்கு ஏறத்தாழ 0.3 சதவீதம் ஆகும். 5 சேவல்களும் 50 பெட்டைகளுமாயின் 2.75 சதவீதம், பத்துத் தலைமுறையில் இது 24 சதவீதத்தை எட்டும். அந்நிலையில் முட்டை பொரியும் திறனும் குஞ்சுகளின் உயிர் தாங்கும் வலிமையும் குன்றிவிடும். சிறு பண்ணையில் வம்சம் நிலைப்பது அரிது.

பெயரிடும் முறை எளியது. கேரளத்தில் மண்ணுத்தியில் பேணப்பட்ட இரு வெள்ளை லெகார்ன் வம்சங்களுக்கு ஐ.டபிள்யு.என்., ஐ.டபிள்யு.பி. என எழுத்துக்களே பெயராயின. அவ்விரண்டையும் கலந்து பெற்ற கோழிக்கு அதுல்யா என்று பெயர். ஹைதராபாத்தில் உருவான வனராஜாவும் இத்தகையதே, பி.டி.1 என்னும் சேவல் வழியையும் பி.டி.2 என்னும் பெட்டை வழியையும் சேர்த்துப் பெறப்படுவது.

குழப்பம் நேர்வது இவ்விடத்தில்தான். வனராஜாச் சேவலையும் பெட்டையையும் சேர்த்துக் கிராமத்தில் பொரித்த குஞ்சுகள் வனராஜா ஆகா. கலப்பினால் வந்த வீரியத்தில் ஏறத்தாழப் பாதி அவற்றில் மறைந்துவிடும். ஒன்றுபோல் ஒன்று இராது. அவற்றை அப்பெயராலேயே விற்றால், வாங்கிய குடியானவர் எதிர்பார்த்த முட்டையைப் பெறாது இனத்தையே பழிப்பார். களப்பணியாளர் இக்குஞ்சுகளை ‘வனராஜாவின் சந்ததி’ என்றே குறித்தல் வேண்டும். வம்சக் கூட்டத்தில் வெளிச்சேவல் ஒன்று புகுந்துவிடினும், அந்நாள் முதல் பழைய பெயரை நீக்கி, புதிய எண்ணில் பதிவேட்டைத் தொடங்குதல் முறையாகும்.