மூளைக்குள் ஒரு வடிகால்

பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் இரண்டாவது பாலம் பத்து காவானில் கரையேறுகிறது. இன்று தொழிற்சாலைகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் முன்பு செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. தாழ்ந்த நிலத்தில் பயிர் செழிக்க வடிகால் இன்றியமையாதது. வடிகால் தூர்ந்தால் நீர் தேங்கும். நீர் தேங்கினால் வேர் அழுகும். மனித மூளையிலும் இதையொத்த ஓர் ஏற்பாடு உண்டு.

மூளைக்குள் நுழையும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுற்றித் திரவம் நிறைந்த மெல்லிய இடைவெளிகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் இவற்றை விவரித்த இரு அறிவியலாளர்களின் நினைவாக இவை 'விர்கோவ் - ரொபேன் இடைவெளிகள்' எனப்படுகின்றன. 2012இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கன் நெடர்கார்ட் குழுவினர் எலிகளின் மூளையை ஆராய்ந்தனர். இவ்விடைவெளிகளின் வழியே ஓடும் திரவம் கழிவுப் புரதங்களை அகற்ற உதவுகிறது என்னும் கருத்தை அவர்கள் முன்வைத்தனர். மனித மூளையில் இது எவ்வாறு நடைபெறுகிறது என்பது பற்றிய விவாதம் இன்றும் தொடர்கிறது.

மண்டையோட்டைத் திறக்காமலே இவ்விடைவெளிகளைக் காண எம்.ஆர்.ஐ. கருவி உதவுகிறது. வலிமையான காந்தப் புலமும் வானொலி அலைகளும் உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து சைகைகளைப் பெறுகின்றன. அவற்றைக் கணினி படமாக மாற்றுகிறது. குறிப்பிட்ட வகைப் படங்களில் திரவம் வெண்மையாகத் தெரியும். இடைவெளி நீளவாட்டில் அமைந்தால் கோடாகவும், குறுக்கே வெட்டுண்டால் புள்ளியாகவும் காணப்படும்.

மரபுவழி நோயான ஹண்டிங்டன் நோயிலும் ஆய்வாளர்கள் இக்கோடுகளையும் புள்ளிகளையும் கவனித்து வருகின்றனர். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வரும் வாய்ப்பு 50 விழுக்காடாகும். பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் அறிகுறிகள் தோன்றும். கைகால்கள் கட்டுப்பாடின்றி அசையும்; சிந்தனையும் மனநிலையும் மாறும். அமெரிக்க ஆய்வாளர் நான்சி வெக்ஸ்லரின் தாயாருக்கு 1968இல் இந்நோய் கண்டறியப்பட்டது. வெக்ஸ்லர் 1979 முதல் வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரை மக்களிடையே ஆய்வு மேற்கொண்டார். நோய்வாய்ப்பட்ட குடும்பத்தினர் மனமுவந்து அளித்த இரத்த மாதிரிகள், 1993இல் 4ஆம் குரோமோசோமில் உள்ள மரபணுவைக் கண்டறியத் துணைநின்றன. தமக்கும் அந்நோய் உள்ளதை வெக்ஸ்லர் 2020இல் பொதுவில் அறிவித்தார்.

ஹண்டிங்டன் நோயாளிகளின் மூளையில் இவ்விடைவெளிகள் விரிந்திருப்பதை அண்மைய ஆய்வுகள் சில காட்டியுள்ளன. இதற்கான காரணம் இன்னும் உறுதியாகவில்லை. கழிவு வெளியேறுவது தடைப்பட்டதால் அவை விரிந்திருக்கலாம். நரம்பணுக்கள் அழிந்து மூளைத்திசு சுருங்கியதால், எஞ்சிய இடத்தைத் திரவம் நிரப்பியிருக்கவும் கூடும். அகன்றுபோன வடிகாலைக் கண்டவுடன், நீர் தேங்கியதால் அகன்றதா, கரை கரைந்ததால் அகன்றதா எனக் கூறிவிட முடியாதல்லவா? மேலும், முதுமையிலும் உயர் இரத்த அழுத்தத்திலும்கூட இவை விரிவடைவதுண்டு. எனவே, இப்படத்தை மட்டும் கொண்டு ஒருவருக்கு ஹண்டிங்டன் நோய் என முடிவுகட்டலாகாது. அதை உறுதிசெய்வது மரபணுச் சோதனையே.

அச்சோதனையைச் செய்துகொள்வது எளிய முடிவன்று. நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லாததால், வாய்ப்பு இருந்தும் பலர் சோதனையைத் தவிர்க்கின்றனர். அறிந்துகொள்வதும் அறியாதிருப்பதும் அவரவர் உரிமையாகும்.

அவ்வாறாயின், இப்படங்களால் விளையும் பயன் யாது? நரம்பணுக்கள் பெருமளவில் அழிவதற்கு முன்பே மருந்து செயல்பட வேண்டும். அது செயல்படுகிறதா என்பதை, அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் அளந்தறிய ஓர் அளவுகோல் தேவை. இவ்விடைவெளிகள் அத்தகைய அளவுகோலாகுமா என்பதைக் காலப்போக்கில் எடுக்கப்படும் தொடர்படங்களே உறுதிப்படுத்த வேண்டும். அவ்விடையை எதிர்நோக்கி எத்தனையோ குடும்பங்கள் காத்திருக்கின்றன.