மீன்தொட்டிக்குக் குளிரூட்டி வேண்டுமா?

"பாதர், மீன்தொட்டிக்குக் குளிரூட்டி ஒன்று கடனுக்கு எடுக்கலாமோ?" தகரக் கொட்டிலுக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டியில் கப்பி மீன் வளர்க்கும் ஒரு தாய் கேட்டார். மத்தியானத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினவாம். சில செத்தும் மிதந்தனவாம்.

அவை தேடியது காற்றை. 20 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். 30 பாகையில் ஏழரைதான். சூடு கூட மீனுக்கு மூச்சும் கூடுதலாக வேண்டும். ஆகவே வரவு குறைந்து செலவு கூடுகிறது.

குளிரூட்டி என்பது ஒரு சிறிய குளிர்சாதனப்பெட்டிதான். தண்ணீரின் சூட்டை எடுத்துப் பக்கத்திலே ஊதிவிடும். அடைத்த கொட்டிலுக்குள் வைத்தால் அந்தச் சூடு திரும்பவும் தொட்டிக்கே வரும். வாங்குவோர் "எத்தனை லீற்றருக்கு?" என்று மட்டும் கேட்கிறார்கள். "எத்தனை பாகை குறைக்கும், ஒரு நாளைக்கு எத்தனை யூனிற் மின்சாரம் எடுக்கும்?" என்றும் கேட்க வேண்டும். கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்பவருக்கு அது தேவைப்படலாம். கப்பியோ வெப்ப நாட்டு மீன். 24 முதல் 28 பாகை அதற்குச் சுகம்.

நம்மிடம் மின்சாரம் வேண்டாத குளிரூட்டி ஒன்று உண்டு. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசிந்த நீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டு போகிறது. ஒரு லீற்றர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வேண்டும். அது முழுவதும் 100 லீற்றர் தொட்டியிலிருந்தே போனால் 5 பாகைக்கு மேல் குறையும். வெளிச்சூடு வந்துகொண்டே இருப்பதால் உண்மையில் அவ்வளவு குறையாது; ஆனாலும் பயன் பெரிது.

முதலில் தொட்டிக்கு மேல் கிடுகுப் பந்தல் போடுங்கள். பொலித்தீனால் மூடாதீர்கள், வலை போதும், காற்று மேலாகப் போகட்டும். அடியில் துளையிட்ட தகரப்பேணியைக் கட்டித் தொங்கவிட்டு, தொட்டித் தண்ணீரையே வாளியால் மொண்டு அதற்குள் ஊற்றுங்கள். துளித்துளியாக விழும்போது குளிரும், காற்றும் கலக்கும். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்வார்கள். காய்ந்த சோளகக் காற்றில் இது நன்றாக வேலை செய்யும். மாரியில் ஈரக்காற்றென்பதால் குறைவு, அப்போது தேவையும் குறைவு. ஐஸ்கட்டி போடவே வேண்டாம், திடீர்க் குளிர் மீனைத் தாக்கும்.

ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை கொஞ்சத் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பவுசர் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் வாய் அகன்ற பாத்திரத்தில் திறந்து வையுங்கள்.

அந்தத் தாயிடம் ஒரு வெப்பமானியைக் கொடுத்திருக்கிறேன். பந்தல் போட்ட பிறகு, ஒரு கிழமைக்கு, பின்னேரம் இரண்டு மணிக்குப் பார்த்துக் கொப்பியில் எழுதச் சொன்னேன். கடனைப் பற்றி அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு பேசுவோம்.