அனுமதி வேறு, கட்டளை வேறு

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அனுமதித்தலைக் குறிக்கும் வினைச்சொற்களுள் ஒன்று 'எபிட்ரெப்போ'. ஒருவரிடம் ஒப்படைத்தல் என்பது அதன் பழைய பொருள். அதிலிருந்தே இடங்கொடுத்தல், உத்தரவளித்தல் என்ற பொருள்கள் வந்தன.

கைதியான பவுலின் வரலாற்றில் இச்சொல் பலமுறை வருகிறது. எருசலேமில் மக்களோடு பேச அவர் சேனாதிபதியிடம் உத்தரவு கேட்கிறார் (அப். 21:39). சீதோனில் நூற்றுக்கு அதிபதியான யூலியு, பவுல் தம் நண்பர்களிடம் சென்று பராமரிப்புப் பெற இடங்கொடுக்கிறான் (27:3). ரோமையில் காவற்சேவகன் ஒருவனோடு தனியே குடியிருக்க உத்தரவு கிடைக்கிறது (28:16). பேசுவதும், நண்பரைக் காண்பதும், ஒரு வீட்டில் இருப்பதும் மனிதருக்கு இயல்பானவை. அவற்றுக்கும் பிறர் உத்தரவு வேண்டியிருந்ததே கைதியின் நிலை.

மத்தேயு 19ஆம் அதிகாரத்தில் இச்சொல் வேறொரு பாடம் தருகிறது. மனைவியைத் தள்ளிவிடும்படி மோசே ஏன் கட்டளையிட்டார் என்று பரிசேயர் கேட்கின்றனர். இயேசு அந்தச் சொல்லை மாற்றுகிறார். உங்கள் இருதயக் கடினத்தினால் மோசே இடங்கொடுத்தார். ஆதியில் அப்படியில்லை என்கிறார் (19:7-8). இடங்கொடுக்கப்பட்டது என்பதால் ஒரு காரியம் நல்லதாகிவிடாது. கடவுளின் ஆதி நோக்கம் அதுவென்றும் ஆகாது.

ஊரையும் வயலையும் இழந்து வந்தவர்களிடம் "கடவுள் அனுமதித்தார்" என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. அதைக் "கடவுள் விரும்பினார்" என்று நாம் விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை. மனிதரின் கடின இருதயம் செய்ததை அதன் பெயராலேயே சொல்வோம்.

சிந்திக்க: நாம் பிறருக்கு உத்தரவளிக்கும் இடத்தில் இருக்கும்போது, யூலியுவைப் போல நடக்கிறோமா?